பதினோராம் மாடியில் முத்து



தொடக்கநிலை மாணவர்களிடம் 'என் செல்லப்பிராணி' என்னும் தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலும் ஒரே நாய்தான் திரும்பத் திரும்ப வரும். அதன் நிறம் வெள்ளை; அதன் பெயர் மணி. பள்ளி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையை அது வாலாட்டி வரவேற்கும். அது நன்றியுள்ள பிராணி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இக்கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். அவற்றுள் ஒரு மணியாவது வரவேற்பறையில் சிறுநீர் கழித்ததாக நான் படித்ததே இல்லை!

பெற்றோர் சந்திப்பு நாள்களில் பிள்ளையின் தேர்ச்சியைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, எழுந்து செல்லுமுன் சிலர் தயங்கியவாறு கேட்பதுண்டு. "டீச்சர், உங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறீர்களாமே? எங்கள் மகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்..." அவர்களது கேள்விகள் நாயின் இனம், விலை, உரிமம் ஆகியவற்றோடு நின்றுவிடும். அந்த நாய் எங்கே போகும் என்பதை எவரும் கேட்பதில்லை. பின்னர் நாயைத் திருப்பிக் கொடுக்க நேரும் குடும்பங்களோ பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தைத்தான் சொல்கின்றன. ஆகையால் அதைப் பற்றியே விரிவாக எழுதலாம் என்று எண்ணினேன்.

விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வீவக வீடு ஒன்றில் ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட சிறிய இனங்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டும். (காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்படும் கலப்பின நாய்களுக்கு 2012ஆம் ஆண்டு முதல் தனித் திட்டம் ஒன்று உண்டு.) மூன்று மாதத்திற்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம், உடலில் அடையாளச் சில்லும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பூனைகளுக்கு 2024 செப்டம்பரில்தான் வீவக வீட்டுக்கதவு முறைப்படி திறந்தது. பூனைக்கு மணல் தட்டைக் காட்டினாலே போதும் என்பார்கள். நாயின் கதை வேறு.

என் மாமியாரை நான் அத்தை என்றே அழைப்பது வழக்கம். அவர் இளவயதில் செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டிய பகுதியில் வாழ்ந்தவர். அங்கே நாய்கள் இருந்தன. ஆனால் அவை வீட்டிற்கு வெளியே இருந்தன. படிக்கட்டின் கீழே படுத்துக்கொள்ளும். மிச்சச் சோறு தின்னும். தேவைப்பட்டபோது புதருக்குள் போகும். நாய்க்குக் கழிவறைப் பழக்கம் கற்பிக்க வேண்டும் என்னும் பேச்சே அக்காலத்தில் எழவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தோன்றிய பின்னர், மனிதர்கள் மாடி மேல் மாடியாக ஏறினோம். நாயையும் தூக்கிக்கொண்டு ஏறினோம். புதர் கீழேயே தங்கிவிட்டது. பதினோராம் மாடியில் இருக்கும் நாய்க்கும் ஒரு புல்தரைக்கும் இடையே இரண்டு கதவுகள், ஒரு தாழ்வாரம், ஒரு மின்தூக்கி, ஒரு வெற்றுத்தளம் இருக்கின்றன. மின்தூக்கி வரும் வரையில் பெரியவர்களுக்கே பொறுமை இருப்பதில்லை. மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிரின் சிறுநீர்ப்பை எவ்வளவு நேரம் பொறுக்கும்?

முத்து எங்களிடம் குட்டியாக வரவில்லை. அது மால்டீஸ் இனத்தைச் சேர்ந்தது. வந்தபோது அதற்கு இரண்டு வயது. வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம், தெரிந்தவர் வழியாக எங்களிடம் ஒப்படைத்தது. மே மாத இறுதியில், பள்ளி விடுமுறை தொடங்கும் நேரத்தில் அது வந்தது. நான்கு வாரம் நான் வீட்டில் இருப்பேன் என்பதால் அந்நேரத்தை நானே தெரிந்தெடுத்தேன். "பழக்கப்படுத்தப்பட்ட நாய்" என்றுதான் அக்குடும்பத்தார் சொன்னார்கள்.

முதல் இரண்டு நாள்கள் வீடு உலர்ந்தே இருந்தது. என் மகன், அப்போது அவன் தொடக்கநிலை 4, "முத்து ரொம்ப நல்ல பையன்" என்று பாட்டியிடம் பெருமையடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் சோபாவின் பின்புறத்திலிருந்து வாடை வந்தது. நகர்த்திப் பார்த்தால் பல முறை நனைந்து காய்ந்த தடங்கள்! உணவு மேசையின் அடியிலும் அத்தையின் கட்டிலுக்குக் கீழேயும் அவ்வாறே. முத்து எங்கள் முன்னிலையில் ஒரு முறைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை. கீழே புல்தரைக்கு அழைத்துச் சென்று அரைமணி நேரம் நடந்தாலும், அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடக்கிக்கொள்ளும். வீட்டிற்கு வந்து, நாங்கள் அறையை விட்டு அகன்றதும், மறைவிடம் தேடும்.

இதன் காரணம் ஒரு மாலைப் பொழுதில் புலப்பட்டது. என் கணவர் படித்து முடித்த நாளிதழைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். முத்து அந்த இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்து, வாலை உள்ளிழுத்து, நடுங்கிக்கொண்டே சிறுநீர் விட்டது. அது என்ன பாடத்தைக் கற்றிருக்கிறது, எந்தக் கோலால் கற்றிருக்கிறது என்பது விளங்கிவிட்டது.

ஆசிரியர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுருட்டிய தாளால் அடித்தவர் "வீட்டிற்குள் சிறுநீர் கழிக்காதே" என்றுதான் கற்பித்தார். நாய் கற்றுக்கொண்டதோ, "மனிதர் பார்க்கும்போது சிறுநீர் கழிக்காதே" என்பது. கற்பித்தவரும் கற்றவரும் ஒரே பாடத்தில் இல்லை. அடி விழுவது பெரும்பாலும் செயல் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான். தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஓரிரு நொடிகள் கடந்துவிட்டாலே அவ்விரண்டையும் இணைத்துக்கொள்வது நாய்க்கு அரிது. அப்போது அதன் எதிரே நிற்பது சினங்கொண்ட முகம் ஒன்றே. ஆகவே அந்த முகத்தைத்தான் அது நினைவில் வைக்கிறது.

"இல்லையில்லை, நாய்க்குத் தன் தவறு தெரியும்; குற்றவாளி போல் முகத்தை வைத்துக்கொள்கிறதே!" என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் வாதிட்டார். இதனை அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் சோதித்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார். பதினான்கு நாய்களை வைத்து அவர் நடத்திய ஆய்வில், தின்னக்கூடாது என்று விலக்கப்பட்ட தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்ற முகத்திற்கும்' தொடர்பு காணப்படவில்லை. உரிமையாளர் திட்டினால் அம்முகம் தோன்றியது. தின்னாத நாயைத் திட்டியபோதும் தோன்றியது. நாம் குற்றவுணர்ச்சி என்று படிப்பது நம் சினத்திற்கு அது காட்டும் அச்சம்.

சிறுநீரில் அதன் மூக்கைத் தேய்த்தால் திருந்திவிடும் என்று உறவினர் பலர் அறிவுரை சொன்னார்கள். இதைச் சொல்லாத உறவினரே இல்லை எனலாம். தன் சிறுநீரின் மணம் நாய்க்கு அருவருப்பானது அன்று. அது ஒரு தகவல் பலகை. ஆகவே அத்தண்டனையின் பொருள் நாய்க்கு விளங்கவே விளங்காது.

இதற்கிடையே நிலைமை முற்றியது. ஒருநாள் விடியற்காலை, பூசைக்கு விளக்கேற்ற எழுந்த அத்தை, கட்டிலோரத்து ஈரத்தில் கால் வைத்துச் சறுக்கினார். நல்லவேளையாகக் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். எழுபத்து நான்கு வயது, மூட்டுவலி, வழவழப்பான தரை. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அத்தை உரக்கப் பேசும் பழக்கமில்லாதவர். "ஏம்மா, பாவம் அது, வாயில்லா சீவன். ஆனா உங்க பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள இது படியலைன்னா வேற நல்ல வீடா பாத்துக் குடுத்துருங்க" என்றார். அதில் நியாயமின்மை எதுவும் இல்லை. என் மகன் அன்று இரவு சாப்பிடவில்லை.

முதலில் விலங்கு மருத்துவரிடம் சென்றோம். சிறுநீர்ப்பாதையில் தொற்று இருந்தால் எந்தப் பயிற்சியும் பயன் தராது என்பதால் இதுவே முதற்படி. தொற்று இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகு, அதற்குப் புதிதாகக் கற்பிப்பதைவிடப் பழையதை மறக்கச் செய்வதே முதல் வேலை என்று முடிவு செய்தோம்.

வீட்டைச் சிறிதாக்கினோம். சமையலறையையும் அதை ஒட்டிய பகுதியையும் கம்பித் தடுப்பால் பிரித்து, ஓர் ஓரத்தில் படுக்கையும் எதிர் ஓரத்தில் கழிவுத் தட்டும் வைத்தோம். நாய் தான் உறங்கும் இடத்தை இயல்பாகவே அசுத்தப்படுத்த விரும்பாது. ஆனால் வீடு முழுவதையும் தன் உறங்குமிடமாக அது கருதுவதில்லை. நான்கறை வீட்டில் சோபாவின் பின்புறம் அதற்கு அயலூர்! தடுப்பிற்கு வெளியே வரும்போதெல்லாம் கழுத்து வாரின் மறுமுனை என் இடுப்பில் கட்டப்பட்டிருக்கும். மறைவிடத்திற்குப் போகும் வாய்ப்பே இல்லை.

தட்டில் எதை விரிப்பது என்பதில் ஒரு சிக்கல். பலரும் நாளிதழை விரிப்பார்கள். முத்துவுக்கோ நாளிதழ் என்றால் நடுக்கம். அத்தைக்கு வேறொரு தடை. "எழுத்து இருக்கற தாளிலயா? சரசுவதி இல்லையா அது?" என்றார். தமிழ் முரசு வேண்டாம், ஆங்கில நாளிதழையாவது விரிக்கலாமே என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். சரசுவதிக்கு ஆங்கிலம் தெரியாதா என்று அத்தை திருப்பிக் கேட்டார். தமிழாசிரியையாகிய நான் இதற்கு என்ன மறுப்புச் சொல்ல இயலும்? குழந்தைகளின் அணையாடை போல ஈரத்தை உறிஞ்சும் வெள்ளை விரிப்புகளை வாங்கினோம். அதன் சிறுநீரை ஒற்றியெடுத்த துணித்துண்டு ஒன்றை முதல் விரிப்பின் மேல் வைத்தோம், மணம் வழிகாட்டும்.

பழைய இடங்களில் அம்மணம் அறவே நீங்க வேண்டும். அத்தை மஞ்சள் நீர் தெளித்தார். என் கணவர் டெட்டால் ஊற்றினார். இரண்டும் மனித மூக்கைத்தான் ஏமாற்றும். மனித மூக்கில் மணம் அறியும் ஏற்பிகள் ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் என்றால், நாய்க்கு அதன் இனத்தைப் பொறுத்து 10 கோடிக்கும் மேல், 30 கோடி வரை என்கிறார்கள். தரையோடுகளின் இடுக்கில் படிந்த யூரிக் அமிலத்தைச் சிதைப்பதற்கு நொதிகள் கலந்த துப்புரவு நீர்மம் வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். அமோனியா கலந்த தரைத் துப்புரவு நீர்மங்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்; சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால் அவை நாயை அதே இடத்திற்கு மீண்டும் அழைத்துவிடக்கூடும்.

பிறகு கால அட்டவணை. உணவு காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மட்டும். நாள் முழுவதும் கிண்ணத்தில் கிடக்காது. தண்ணீரை மட்டும் எப்போதும் வைத்தோம். நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரைக் குறைத்துப் பழக்குவது கொடுமை. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பது உடலியல். ஆகவே உண்ட பதினைந்து நிமிடம் முதல் அரைமணி நேரத்திற்குள் தட்டருகே இருக்க வேண்டும். உறங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், இரவு படுக்குமுன்னும் அவ்வாறே. இடைப்பட்ட நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை. தட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்நொடியே மென்மையான பாராட்டும், வேகவைத்த கோழித்துண்டு ஒன்றும். ஐந்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் அது வெறும் தின்பண்டம்.

வேறிடத்தில் கழித்தால்? ஒன்றும் சொல்வதில்லை. பெருமூச்சுகூட விடுவதில்லை. அதை வேறு பக்கம் விட்டுவிட்டுத் துடைப்பதோடு சரி. வீட்டில் எல்லாருக்கும் கடினமாக இருந்தது இதுதான்.

சொல்லிலும் ஒற்றுமை தேவைப்பட்டது. தட்டருகே நின்று என் கணவர் "டாய்லட்" என்பார். மகன் "பீ பீ" என்பான். நான் "போ" என்பேன். "போ" என்றால் விலகிப் போவதா, இதைச் செய்வதா என்று நாய் குழம்பும். அத்தை தடுப்பிற்கு அப்பால் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "ஒண்ணுக்குன்னு சொல்லுங்களேன். புள்ளைங்களுக்கு அப்படித்தானே சொல்லி வளத்தோம்" என்றார். அதையே நால்வரும் வைத்துக்கொண்டோம். சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒரு தமிழ்ச் சொல் ஒரு மால்டீஸ் நாய்க்குத் தெரியும்!

என் மகன் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினான். முதல் வாரத்தில் தட்டில் 4 முறை. தட்டுக்கு வெளியே 31 முறை. இரண்டாம் வாரம் 11, 22. எண்களைப் பார்த்து அவன் சோர்ந்தான்.

பதினேழாம் நாள் அந்நிகழ்ச்சி நடந்தது. நாங்கள் நால்வரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். முத்து வரவேற்பறையின் நட்டநடுவில் வந்து நின்று, எங்களைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சிறுநீர் கழித்தது. அட்டவணைப்படி அது தோல்வி. நானோ மகிழ்ச்சியில் எழுந்து நின்றுவிட்டேன். "என்னம்மா, இதுக்குப் போயி சிரிக்கறே?" என்று அத்தை திகைத்தார். அது ஒளியவில்லை, அத்தை! அதுதான் செய்தி. ஒளிந்து செய்யும் நாய்க்கு எதையும் கற்பிக்க இயலாது. சரியான இடத்தைக் காட்டுவதற்கே அது நம் கண்முன் இருக்க வேண்டும். எங்கள் முன்னிலையில் கழித்தால் தீங்கு நேராது என்று அது நம்பத் தொடங்கியபின், தட்டு வரை அழைத்துச் செல்வது எளிய வேலையாயிற்று.

அவ்வேளையில் சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பில் இருந்த ஒரு சிறுவன் நினைவுக்கு வந்தான். சொல்வதெழுதுதல் தாள்களைப் பெற்றோர் கையொப்பத்திற்குக் கொடுத்தனுப்பினால் அவனுடையது மட்டும் திரும்பி வராது. புத்தகப்பையின் அடியில் கசங்கிய தாள்கள் ஒன்பது இருந்தன. அவனுக்கு ண, ன வேறுபாடு விளங்கவில்லை, அவ்வளவே. இரண்டு வாரத்தில் சரிசெய்யக்கூடிய பிழை. ஆனால் அதைக் காணவே எனக்கு ஒரு பருவம் பிடித்தது. கையொப்பம் வேண்டாம், பிழையான தாளை என்னிடமே காட்டினால் போதும் என்று சொன்ன பிறகுதான் தாள்கள் வெளியே வந்தன.

பள்ளி திறந்தபோது வாரக் கணக்கு 24, 7 என்று இருந்தது. முழுத் தேர்ச்சி என்று சொல்ல முடியாது. நான் காலை ஆறரைக்குப் புறப்பட்டால் பிற்பகலில்தான் திரும்புவேன். அத்தை அட்டவணையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "காலையில நான் பாத்துக்கறேன். எனக்கென்ன வேலை" என்றார்.

உண்மையில், எங்கள் வீட்டில் அவரைவிடப் பொருத்தமான ஆசிரியர் இல்லை. நானும் என் கணவரும் வேலை, கூட்டம், துணைப்பாட வகுப்பு என்று நேரம் தவறுவோம். அத்தை ஐந்தரைக்குக் குளிப்பார், ஆறுக்கு விளக்கு, எட்டுக்குப் பசியாறல், பத்துக்குத் தேநீர், பன்னிரண்டுக்குச் சோறு. நாற்பது ஆண்டுகளாக அந்த வரிசை மாறியதில்லை. நாய்க்கு வேண்டியதும் அதுவே. அவரது வளையல் ஓசையை வைத்தே முத்து நேரம் அறியக் கற்றுக்கொண்டது. கோழித்துண்டிற்குப் பதிலாக இட்லித் துணுக்கு கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. உப்பு மிகாத வரையில் சரி என்று விட்டுவிட்டேன். அதோடு திராட்சையும் வெங்காயமும் சாக்லெட்டும் நாய்க்கு நஞ்சு என்பதை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழ்திச் சமையலறையில் ஒட்டினேன்.

ஏழாம் வாரத்தில் சோபாவின் பக்கம் போவதை முத்து விட்டது. எட்டாம் வாரத்திலிருந்து தட்டை நாளொன்றுக்கு ஒரு சாண் வீதம் சமையலறைக் குளியலறையை நோக்கி நகர்த்தினோம். ஒரேயடியாக மாற்றினால் பழைய இடத்திலேயே வெறுந்தரையில் கழித்துவிடும். பதினோராம் வாரத்தில் அட்டவணையின் இரண்டாம் நிரலில் சுழியம் விழுந்தது. மகன் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டான். இன்றும் பலத்த இடி இடிக்கும் நாள்களில் எங்கேனும் ஈரம் இருக்கும். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குட்டியாக வாங்குவோருக்கு ஒரு சொல். பிறந்த மூன்று மாதத்தில் அதனால் மூன்று, நான்கு மணி நேரத்திற்கு மேல் அடக்க இயலாது. அடக்கும் தசைகள் உறுதிப்படவே நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். பகலில் வீட்டில் எவருமே இல்லாத குடும்பம் இதனை முதலில் எண்ணிப் பார்க்கட்டும். பிள்ளை எவ்வளவு அழுதாலும் சரி.

தட்டு குளியலறைக்குள் போகவில்லை. ஈரத் தரையில் கால் வைக்க முத்து மறுத்தது. இன்னும் ஒரு வாரம் முயன்று பார்க்கலாம் என்றேன். "வாசலோட இருக்கட்டும் விடும்மா, எனக்குத்தான் அது எங்க இருக்குன்னு தெரியுமே" என்றார் அத்தை. இப்போதும் அது குளியலறை வாசலுக்கு ஒரு முழம் இப்பால்தான் இருக்கிறது. விடியற்காலையில் அவர் விளக்கைப் போட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்.